ஒருமுறை அடி தாங்கிய பெல்ட்

தம்பி,

இந்தக் கடிதத்தை ஜெயம் உன் கையில் தருவான். நீ இப்போது அவன் அறையில்தான் படுக்கிறாய், அவனோடுதான் வேலைக்கும் போகிறாய், ஆகவே அவனைவிட நல்ல தபால்காரன் எனக்கு இல்லை. தபாலில் போட்டால் திங்கட்கிழமை வந்து சேரும். திங்கட்கிழமை நீ புது வேலைக்கு மார்செய் ரயிலில் இருப்பாய். அதற்குப் பிறகு இதை வாசித்து யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை. கோபத்தில் கிழித்துப் போடாதே. கிழிக்கத்தான் வேண்டுமென்றால் முழுவதையும் வாசித்துவிட்டுக் கிழி. அம்மா மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறாள் என்று நினைத்து நீ பிரித்திருந்தால் ஏமாந்துபோவாய், ராசா. எனக்கு அந்த எண்ணம் துளியும் இல்லை. அந்தக் கார் பெல்ட்டை நாளைக்கு மறுபடி என் மேசையில் கொண்டுவந்து போட்டாலும் மறுபடி வெட்டுவேன்.

எழுதுவதற்கு எனக்கு இப்போது நேரமும் நிறைய இருக்கிறது. உன் முதலாளி, நீங்கள் எல்லாரும் பத்ரோன் பத்ரோன் என்று கூப்பிடுகிற அந்த மனிதர், கார்ச் சீற் தைக்கிற வேலையை எங்களிடமிருந்து எடுத்து வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார். அதனால் எங்கள் தையல் அத்தெலியேயை நடத்துகிற மதாம் என்னை மத்தியானத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார். பாவம், அவர் என்ன செய்வார், அவருக்கும் வாடகை இருக்கிறது. நான் வந்து, சமைத்து, உடுப்புக் காயப்போட்டு, ஜன்னலருகே உட்கார்ந்து ரயில்பாதையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். இப்படிச் சும்மா இருந்து எனக்குப் பழக்கமில்லை என்று உனக்குத் தெரியும். சும்மா இருக்கும்போதுதான் எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வருகிறது.

நீ அந்த வேலையில் சேர்ந்த புதிதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு என்னையும் அப்பாவையும் ஒபர்வில்லியேக்கு இழுத்துக்கொண்டு போனாயே, நினைவிருக்கிறதா? அப்பா பசிக்குது பசிக்குது என்று வழி முழுக்க முணுமுணுத்துக்கொண்டு வந்தார். நீ வேலை செய்கிற கராஜின் கதவைத் திறந்து, உள்ளே நின்ற அந்தச் சிவப்பு அமெரிக்கக் காரை எங்களுக்குக் காட்டினாய். கார் என்றா சொல்வது, நாங்கள் சமைக்கிற குசினியைவிட நீளம். மூடியைத் தூக்கி, "பாருங்கோ அம்மா, உதிலை எட்டு சிலிண்டர்" என்றாய். "எட்டெண்டா கூடவோ?" என்று கேட்டேன். "இஞ்சை ரோட்டிலை ஓடுற காருகளுக்கு நாலுதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே ஏறி ஸ்டார்ட் பண்ணினாய். "என்ரை மாதாவே, உதென்ன பேய் பிடிச்ச சத்தம்! காசு குடுத்தே உந்தச் சத்தத்தை வாங்குகினம்?" என்று நான் காதைப் பொத்த, நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அப்பாகூடப் பசியை மறந்து சிரித்தார். பாரிசுக்கு வந்த பிறகு நீ அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

அன்றைக்கு நீ எனக்கு உன் தொழிலைச் சொல்லித் தந்தாய். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வருகிற கார்களை உங்கள் கடை அப்படியே விற்பதில்லை. வாங்குகிறவர் கேட்டபடி எல்லாம் மாற்றிப் போட்டு, பந்தய ஓடுபாதையில் ஓடத் தயாராகத்தான் கையில் கொடுக்கும். பெற்றோலையும் காற்றையும் கலக்குகிற காபரேற்றர் பெரிதாகும், புகைக்குழாய் தடிப்பாகும், ஸ்பிரிங் இறுகும், கார் கவிழ்ந்தாலும் ஆள் நசுங்காமல் உள்ளே இரும்புக் குழாயில் ஒரு கூடு வரும். கழற்றிய பழைய சாமான்களை வாங்கியவரின் பெயர் எழுதிய பெட்டியில் போட்டு மேல்தட்டில் வைப்பீர்கள். பிறகு நீ ஒன்று சொன்னாய், அதை நான் மறக்கவில்லை. வாங்குகிற ஆட்கள் முதலில் காதுக்குக் கேட்கிறதைக் கேட்பார்களாம், பிறகு கண்ணுக்குத் தெரிகிறதைக் கேட்பார்களாம், பிரேக் அதற்குப் பிறகாம், பெல்ட்டைப் பற்றி ஒருவரும் வாயே திறக்கமாட்டார்களாம். "அதாலை நாங்கள்தான் யோசிக்கவேணும் அம்மா" என்றாய். எனக்கு அந்த நேரம் உன்னைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. காரைப் பார்த்தல்ல, அந்தச் சொல்லைக் கேட்டுத்தான்.

அந்தப் பெருமையில்தான் நீ என்னையும் உன் தொழிலுக்குள் கொண்டுவந்தாய். சீற் தைக்க ஆள் தேடின பத்ரோனிடம், "என்ரை அம்மா தைப்பா" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டு வந்தாய். அதுவரை நான் கோட்டுக்கு உள்துணி தைத்துக்கொண்டிருந்தவள். மதாம் தடித்த ஊசி மெஷின் ஒன்று வாங்கிப் போட்டார். ஆளை அப்படியே அணைத்துப் பிடிக்கிற பந்தயச் சீற்றுக்கு மெத்தை வைத்துத் தைத்தேன். தோளுக்கு மேலாக இரண்டு, இடுப்புக்கு இரண்டு என்று வருகிற அந்த நாலு முனை பெல்ட்டுக்குத் தோள் மெத்தை தைத்தேன். ரூ பெர்தொனே தெருவில் மரக்கறிக் கடையில் நின்றுகொண்டு, "அம்மா தைச்ச சீற்றிலைதான் பிரெஞ்சுக்காரர் ரேஸ் ஓடுகினம்" என்று நீ கடைக்கார அண்ணையிடம் பீற்றிக்கொள்ள, அவர் எனக்கு ஒரு கட்டு முருங்கைக்காயைச் சும்மா தூக்கித் தந்தார். வெட்கமாக இருந்தது. வாங்காமலும் விடவில்லை.

பிறகு அந்த ஓடுபாதைக்கு ஒருதரம் கூட்டிக்கொண்டு போனாய். பாரிசுக்கு வெளியே, மரங்களுக்கு நடுவில், வளைந்து வளைந்து போகிற அந்தத் தார்ப்பாதையைச் சுற்றி ஆட்கள் ரொட்டியும் வைனுமாக உட்கார்ந்திருந்தார்கள். நான் புட்டும் கத்தரிக்காய்க் கறியும் கட்டிக்கொண்டு போனேன். உங்கள் கடைச் சிவப்புக் காரை ஓட்டிக்கொண்டு வந்த அந்த மெல்லிய மனிதர் மூன்றாவது வளைவில் பிடி தவறிச் சுழன்று, அடுக்கி வைத்திருந்த ரயர்களில் போய் மோதினார். எல்லாரும் எழும்பி நின்றோம். நான் மாதாவைக் கூப்பிட்டுக் கத்தினேன், பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த மனிதர் கதவைத் திறந்து இறங்கி, தலைக்கவசத்தைக் கழற்றி, கைகால்களை உதறிப் பார்த்துவிட்டு ஒரு சிகரெட் கேட்டார். அவ்வளவுதான். அத்தனை வேகத்தையும் அவருக்காக அந்த பெல்ட் வாங்கிக்கொண்டது.

அடுத்த நாள் நான் தைத்த மெத்தைகளைத் தர கராஜுக்கு வந்தபோது நீ அந்த பெல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாய். என் கையில் தந்து, "வடிவாப் பாருங்கோ அம்மா. புதுசு மாதிரித்தான் இருக்கு. ஆனா இது ஒருக்கா ஆளைத் தாங்கிட்டுது. இனி இன்னொருக்கா தாங்காது. நூல் எல்லாம் உள்ளுக்கை இழுபட்டுப் போச்சு" என்றாய். நான் விரலால் தடவிப் பார்த்தேன். கொக்கி பிடித்த இடத்தில் நாடா மினுங்கியது, தையல் சுருங்கியிருந்தது. தையல்காரிக்கு வாய் சும்மா இருக்குமா? "திருப்பித் தைச்சுப் போட்டா என்ன?" என்று கேட்டேன். நீ என்ன சொன்னாய் என்று உனக்கு நினைவில்லாவிட்டால் நான் சொல்கிறேன். "தைக்கலாம் அம்மா. தைச்சாப் பேந்து ஆக்கள் நம்பிக் கட்டுவினம். அதுதான் கூடாது." சொல்லிவிட்டு அதைச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் எறிந்தாய். எறிந்த விதம்கூட எனக்குப் பிடித்தது.

இப்போது போன வாரத்துக்கு வருகிறேன். நீ என்னோடு கதைக்காமல் விட்ட பிறகு அதைப் பற்றிக் கதைக்க எனக்கு ஆள் இல்லை, ஆகவே எழுதுகிறேன். உங்கள் கடையில் கார் வாங்கிய அந்தப் பல் வைத்தியரின் கார் வேலை முடிகிற கட்டம். எஞ்சின் போட்டாயிற்று, குழாய் போட்டாயிற்று, கூடு போட்டாயிற்று, நான் தைத்த சீற்றும் போட்டாயிற்று. அப்போதுதான் பெல்ட் இல்லை என்று கண்டுபிடித்திருக்கிறீர்கள். இத்தனை பெரிய கடை, இத்தனை கெட்டிக்கார ஆட்கள், ஒருவருக்கும் அதைச் சொல்லி எடுப்பிக்க நினைவு வரவில்லை. சத்தம் போடுகிற சாமான் எல்லாம் நேரத்துக்கு வந்தது, சத்தம் போடாத ஒன்றை எல்லாரும் மறந்தீர்கள். பிந்திச் சொன்னதால் அது இன்னும் கப்பலில் நிற்கிறது. காரைக் கொடுக்கிற நாள் இந்தச் சனிக்கிழமை என்று பத்ரோன் வாக்குக் கொடுத்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை வைத்தியர் ஓடுபாதையில் ஓட்டப் பெயரும் கொடுத்தாயிற்று.

நீ அத்தெலியேக்குள் வந்த நேரம் நாங்கள் சாப்பிட்டு முடித்து மெஷினில் உட்கார்ந்திருந்தோம். ஒரு பையை என் மேசையில் வைத்தாய். "அம்மா, கெதியா ஒரு வேலை. இந்தத் தையல் சுருங்கின இடத்தை வெட்டி எடுத்துப்போட்டு, வடிவாத் திருப்பித் தைச்சு, மேலை புது உறை போட்டுத் தாங்கோ. பத்ரோன் வெளியிலை காரிலை இருக்கிறார்." நான் எடுத்துப் பிரித்தேன். தோள் மெத்தையைத் திருப்பினேன். அடியில் பாதிக்குக் கறுப்பு நூல், மீதிக்குக் கடும் நீல நூல். கறுப்பு முடிந்துபோய் நீலத்தில் முடித்தது நான்தான். மதாமிடம் பேச்சு வாங்கியதும் நான்தான். அந்தச் சிவப்புக் காரின் பெல்ட். நீயே எறிந்தது. யாரோ அதைத் தொட்டியிலிருந்து எடுத்துத் துடைத்து வைத்திருந்திருக்கிறார்கள்.

"இது அண்டைக்கு நீ தூக்கி எறிஞ்சதெல்லோ?" என்று கேட்டேன். நீ ஜன்னலைப் பார்த்தாய். "ஓம். புதுசு வர நாள் செல்லும் அம்மா. இப்ப வேற வழியில்லை." "வழியில்லையெண்டு ஆர் சொன்னது? நீதானே எனக்குச் சொல்லித் தந்தனி." "சொன்னனான், இல்லையெண்டு சொல்லேல்லை. இப்ப என்னை என்ன செய்யச் சொல்லுறியள்? மார்செய் வேலை இந்தக் காரிலைதான் நிக்குது." அதுவரை எனக்குக் கோபம் வரவில்லை, தம்பி. உன் முகத்தைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. இரண்டு இரவு நித்திரை இல்லாத முகம். ஏதாவது வழி பார்ப்போம், மதாமிடம் கேட்போம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அப்போது நீ குனிந்து, என் தோளில் கை வைத்து, சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னாய்: "பயப்பிடாதேங்கோ அம்மா. நான் அதிலை இருக்கப் போறேல்லை. வேற ஆள்தான்."

அந்தச் சொல்லுக்குத்தான் வெட்டினேன். பெல்ட்டுக்கல்ல. உனக்கு அது இன்னும் விளங்கவில்லை என்று நினைக்கிறேன், விளங்கியிருந்தால் இவ்வளவு நாள் முறுகிக்கொண்டு இருக்கமாட்டாய். பெரிய கத்தரிக்கோலை எடுத்தேன். அந்த நாடா ஒரே வெட்டில் போகிற சாமான் இல்லை, இரண்டு கையாலும் நெரித்து நெரித்து நாலு இடத்தில் வெட்டினேன், இன்றைக்கும் என் பெருவிரல் நோகிறது. "உங்களுக்கென்ன விசரே?" என்று கத்தினாய். பைத்தியமா என்று பிறந்த நாளிலிருந்து நீ என்னைப் பார்த்துக் கேட்டதில்லை. பத்ரோன் உள்ளே ஓடிவந்து, துண்டுகளைப் பார்த்து, எனக்கு விளங்காது என்று நினைத்துப் பிரெஞ்சில் என்னென்னவோ சொன்னார். எல்லாம் விளங்கியது. நீ அவருக்குப் பின்னால் போய்க் காரில் ஏறினாய். அன்று பின்னேரம் வந்து பையில் உடுப்பைத் திணித்துக்கொண்டு ஜெயத்தின் அறைக்குப் போய்விட்டாய்.

அப்பாவுக்கு இந்தச் சண்டை பிடிக்கவில்லை. ரெஸ்டோறன்டில் நாள் முழுக்கக் கோப்பை கழுவிவிட்டு வந்து, சட்டையைக் கூடக் கழற்றாமல், "விடுமப்பா. பொடியனுக்கு ஒரு நல்ல இடம் கிடைச்சிருக்கு. போய் ஒரு வார்த்தை கதைச்சுப்போட்டு வாருமன்" என்கிறார். "நான் கதைக்கப் போனா இன்னும் நாலை வெட்டிப்போட்டுத்தான் வருவன்" என்றேன். அவர் சாப்பிட உட்கார்ந்தார். சாப்பிட்டு முடிந்து கை கழுவும்போது, முகத்தைத் திருப்பிக்கொண்டு, "வெட்டினது சரிதான்" என்றார். நான் சொன்னேன் என்று நீ அவரிடம் காட்டிக்கொள்ளாதே. உனக்கும் எனக்கும் நடுவில் நிற்க முடியாமல் அவர் படுகிற பாடு பெரிய பாடு.

முந்தாநாள் ஜெயம் வந்தான். வாசலில் நின்றுகொண்டு உள்ளே வராமல் மென்று விழுங்கினான். "அன்ரி, நான் சொன்னதெண்டு அவனுக்குச் சொல்லாதேங்கோ" என்றான். "சொல்லுவன், அதுக்குச் சம்மதமெண்டாச் சொல்லு" என்றேன். அவன் யோசித்துவிட்டுச் சொன்னான். ஆகவே அவனோடு சண்டைக்குப் போகாதே, அவன் தெரிந்தேதான் சொன்னான், தெரிந்தேதான் இந்தக் கடிதத்தையும் கொண்டு வருகிறான். வைத்தியரின் காரில் இப்போது பூட்டியிருப்பது வேறு ஒரு அடிபட்ட காரிலிருந்து கழற்றிய பெல்ட்டாம். வேறு எங்கேயோ கொடுத்து உறை போட்டு எடுத்தீர்களாம். பார்க்கப் புதிது போலவே இருக்கிறதாம். போல்ட்டை நீயே முறுக்கினாயாம்; ஜெயம் உதவிக்கு வர, "நீ தொடாதை, தள்ளி நில்" என்று அவனைத் துரத்திவிட்டாயாம். அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்தது. முதலில் கோபத்தில். பிறகு, உன் சிநேகிதனின் கை இதில் படக்கூடாது என்று நீ நினைத்திருக்கிறாய் என்று விளங்கியதும் வேறு மாதிரி வந்தது. நீ செய்வது என்னவென்று உனக்குத் தெரியும். நல்லது, தெரியாத ஆளோடு கதைப்பதுதான் கஷ்டம்.

வேறு ஆள் என்றாயே. நாங்கள் ஊரை விட்டு வந்த அன்று கொழும்பு பஸ்ஸில் உனக்குப் பதினைந்து வயது. வழியில் ஆமிக்காரர் ஏறி உன் வயதுப் பொடியன்களை இறக்கினார்கள். உன்னைப் பார்த்து விரலைக் காட்டியபோது எனக்கு மாதாவைக் கூப்பிடக்கூடச் சத்தம் வரவில்லை. அந்த பஸ்ஸின் கொண்டக்டர், சிங்களவர், வெற்றிலை போட்ட வாய், காசுப்பையை உன் கழுத்தில் மாட்டிவிட்டு, இவன் என்னோடு வேலை செய்கிற பொடியன் என்று அவர்கள் மொழியில் சொல்லிவிட்டார். ஒரு மணி நேரம் நீ டிக்கெட் கிழித்துக்கொண்டு நின்றாய். அந்த மனிதருடைய பெயர்கூட நமக்குத் தெரியாது. பிடிபட்டிருந்தால் அவர் கதி என்ன? அவருக்கு நீ வேறு ஆள்தானே? அவர் அப்படி நினைத்திருந்தால் எட்டு சிலிண்டரும் இல்லை, மார்செயும் இல்லை, இந்தக் கடிதத்தை வாசிக்க நீயும் இல்லை. இதை நான் உனக்கு இதுவரை எடுத்துச் சொன்னதில்லை, சொல்லிக் காட்டுகிற விஷயம் இல்லை என்று விட்டுவிட்டேன். இப்போது சொல்லவேண்டி வந்துவிட்டது.

நீ இதற்கு என்ன சொல்வாய் என்றும் தெரியும். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து நீங்கள்தானே குனிந்து போ, குனிந்து போ என்று சொன்னீர்கள் என்பாய். ஓம், சொன்னேன். வதிவிட அனுமதி அட்டையான கார்த் செஜூருக்கு வரிசையில் நிற்கும்போது மேசையில் இருந்த அந்தக் கண்ணாடிக்காரி உன்னை மூன்றுதரம் திருப்பி அனுப்பினாள். வாயை மூடிக்கொண்டு போ என்றேன். பத்ரோன் உன் பெயரைச் சொல்லத் தெரியாமல் வேறு பெயர் வைத்துக் கூப்பிட்டார், விட்டுவிடு என்றேன். இனியும் அப்படித்தான் சொல்வேன். உன் மானத்தை நீ விழுங்குகிறாய் என்றால் அது உன்னுடையது, விழுங்கலாம், பிறகு ஒருநாள் நிமிரலாம். இன்னொருவருடைய உயிரை எடுத்துக் கொடுத்துவிட்டுக் குனிவதற்குப் பெயர் பணிவு இல்லை. உனக்கு இருபத்திரண்டு வயது, இந்த வித்தியாசம் தெரியாத பிள்ளையை நான் வளர்க்கவில்லை.

பத்ரோன் மார்செயில் திறக்கிற கடைக்கு நீதான் பொறுப்பு என்கிறார்கள். உனக்குக் கீழே நாலு பேர் வேலை செய்வார்களாம். ரொம்பச் சந்தோஷம், உன் கைக்கு அந்த இடம் தகும், அதில் எனக்கு இம்மியும் சந்தேகமில்லை. ஆனால் யோசித்துப் பார், இந்த பெல்ட்டோடு நீ அங்கே போனால் பத்ரோனுக்கு உன்னைப் பற்றி ஒன்று தெரிந்திருக்கும். இந்தப் பொடியனை நெருக்கினால் முறுக்குவான் என்று. அடுத்த காருக்கும் நெருக்குவார். பிரேக் வரப் பிந்தினால் பிரேக்குக்கும் நெருக்குவார். உனக்குக் கீழே இருக்கிற நாலு பேரும் உன்னைப் பார்த்து முறுக்கப் பழகுவார்கள், ஏனென்றால் அவர்களைத் தள்ளி நில் என்று சொல்ல அங்கே உனக்கு நேரம் இருக்காது. இந்த முறை இல்லை என்று சொல்லி அந்த இடம் போகுமென்றால் போகட்டும். ஒபர்வில்லியேயில் கராஜுக்குப் பஞ்சமா? உன் கைக்கு வேலை கிடைக்காவிட்டால் என் பெயரை மாற்று.

வழி இல்லை என்றாயே, வழி உன் கடையின் மேல்தட்டிலேயே இருக்கிறது. அந்தக் காரிலிருந்து கழற்றிய பழைய சீற்றும் பழைய பெல்ட்டும் வைத்தியரின் பெயர் எழுதிய பெட்டியில் கிடக்கின்றன. எடுத்துத் திருப்பிப் பூட்டு. உனக்கு ஒரு காலைநேர வேலை. ரோட்டில் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போக அது போதும், அதற்கென்று செய்த சாமான். ஓடுபாதையில் அதோடு விடமாட்டார்கள், அதுவும் நல்லதுக்குத்தான். புது பெல்ட் இன்னும் வரவில்லை, வந்ததும் நானே போட்டுத் தருகிறேன், அதுவரை ஓடுபாதைக்குப் போகாதேயுங்கள் என்று அவருக்குச் சொல். இவ்வளவுதான் சொல்லவேண்டியது. பத்ரோன் குதிப்பார். குதிக்கட்டும். என்னைப் பார்த்தும் குதித்தார், நான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன்.

அந்த வேறு ஆளை எனக்குத் தெரியும், தம்பி. சீற்றுக்கு அளவெடுக்க அத்தெலியேக்கு வந்தவர்தானே. நாள் முழுக்க மற்றவர்களின் வாய்க்குள் குனிந்து குனிந்து தன் முதுகு போய்விட்டது என்று சொல்லிச் சிரித்தார். அவர் முதுகை நான் அளந்தேன். இடது தோள் வலதைவிடச் சற்றுத் தாழ்வு, அதற்கேற்ற மாதிரி மெத்தையை ஒரு பக்கம் உயர்த்தித் தைத்தேன். தன் மனைவிக்கு இந்தக் கார்ப் பைத்தியம் பிடிக்காது, அதனால் அவளுக்குப் பிடித்த பச்சை நிறத்தில் சீற்றைத் தையுங்கள் என்றார். மேர்சி மதாம், மேர்சி மதாம் என்று மூன்றுதரம் சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவு அளந்த பிறகு எனக்கு அவர் எப்படி வேறு ஆள் ஆவார்?

இன்று காலை வேலைக்குப் போகும்போது டெலிபோன் பெட்டிக்குள் நின்று அவருடைய கிளினிக்குக்கு அடித்தேன். இலக்கம் ஜெயம் தந்தது அல்ல, புத்தகத்தில் நானே தேடி எடுத்தேன். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எனக்கு ஒரு நேரம் தந்திருக்கிறார்கள். நீங்கள் காரைக் கொடுப்பது பின்னேரம். என் பல்லில் ஒரு கோளாறும் இல்லை, கடவுள் புண்ணியத்தில் இன்றைக்கும் கரும்பு கடிப்பேன். நீ நாளைக்கே போய் அவரிடம் சொல்லலாம், அல்லது சனி காலை எனக்கு முதல் போய்ச் சொல்லலாம். நீ சொல்வதுதான் எனக்கு வேண்டும். உன் வேலையைப் பற்றி உன் வாயால் அவர் கேட்டால் உனக்கு மரியாதை, என் வாயால் கேட்டால் அது உனக்கு இல்லை. நீ சொல்லிவிட்டாய் என்றால் அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிடும். நீ வராவிட்டாலும் நான் போவேன். மழை பெய்தாலும் போவேன், மெத்ரோ ஓடாவிட்டால் நடந்து போவேன், அப்பா வாசலில் குறுக்கே படுத்தாலும் தாண்டிப் போவேன்.

அவர் என்னை அந்தக் கதிரையில் சாய்த்து, விளக்கை இழுத்து என் முகத்துக்கு நேரே பிடித்து, "என்ன பிரச்சினை, மதாம்?" என்று கேட்பார். நான் அவருக்கு என்ன பதில் சொல்லவேண்டும் என்பதை நீ முடிவு செய்.

உன் அம்மா